பின்னால் வரும் உயிர்

1

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் ஓநாயைப் பழக்குவது எளிது. இரவில் வில்லோடு திரியும் எலும்புக்கூடுகளை வீழ்த்தினால் எலும்பு கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் ஓர் ஓநாயின் முன்னால் நீட்ட வேண்டும். ஒவ்வொரு எலும்புக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. சில நேரம் முதல் எலும்பிலேயே பழகிவிடும். சில நேரம் பை காலியாகும்வரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பழகியதும் அதைச் சுற்றி இதயக் குறிகள் மிதக்கும், கழுத்தில் சிவப்புப் பட்டை தோன்றும், அது உட்கார்ந்துகொள்ளும்.

இந்த விளையாட்டுக்குள் ஓநாய் வந்தது 2011 மார்ச் கடைசியில். விளையாட்டு முழு வடிவில் வெளியானதே அந்த ஆண்டு நவம்பரில்தான். புதிதாக விளையாட வருகிறவர்கள் எப்படிப் பழக்குவது என்று கேட்கிறார்கள். அதற்கான பதில் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. எப்படி உயிரோடு வைத்திருப்பது என்ற கேள்வி பிறகுதான் வருகிறது, பெரும்பாலும் ஓர் இழப்புக்குப் பிறகு. இந்தக் குறிப்புகள் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியவை.

2

சர்வைவல் விளையாட்டுகளில் நாம் சாவதில்லை. பள்ளத்தில் விழுந்தாலும் ஜோம்பி அடித்தாலும், கடைசியாகப் படுத்த கட்டிலில் கண்விழிக்கிறோம். கையில் இருந்தவை செத்த இடத்தில் சிதறிக் கிடக்கும். அவை மறையும் முன் அங்கே போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அது தவறினாலும் இரும்பை மறுபடி தோண்டலாம், வாளை மறுபடி அடிக்கலாம். ஒருமுறை செத்தால் ஆட்டம் முடிந்துவிடும் ஹார்ட்கோர் முறையைத் தேர்ந்தெடுத்தவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் சாவு என்பது சற்று நேர இடைஞ்சல்.

பழகிய விலங்குக்கு அந்தக் கட்டில் இல்லை. அது செத்தால் திரையின் ஓரத்தில், இன்னது இன்னதால் கொல்லப்பட்டது என்று ஒரு வரி வரும். காட்டில் வேறு ஓநாய்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பழக்கிக்கொள்ளலாம். ஆனால் நம்மோடு முதல் குளிர்மலையைக் கடந்தது இதுவாக இருக்காது.

ஒரே உலகில் ஒரே பாதையில் இருவர் நடக்கிறார்கள். முன்னால் போகிறவருக்கு எத்தனை பிறவி வேண்டுமானாலும் உண்டு. பின்னால் வருவதற்கு ஒன்றுதான். இதை விளையாட்டு எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. எனக்கோ, இந்த விளையாட்டுகளில் கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் இந்த ஏற்றத்தாழ்வில் இருப்பதாகத் தோன்றுகிறது. வாள் வீசுவது, வீடு கட்டுவது எல்லாம் அதற்கு அடுத்த பாடங்கள்.

3

நம் உயிர் எவ்வளவு மிச்சம் என்று திரையின் அடியில் இதய வரிசை காட்டிக்கொண்டே இருக்கிறது. ஓநாய்க்கு அப்படி ஒரு வரிசை இல்லை. அதற்கு வால்தான் அளவுகோல். நல்ல நலத்தில் இருந்தால் வால் உயர்ந்து நிற்கும். அடிபட அடிபட இறங்கும். மிகவும் தளர்ந்துவிட்டால் மெல்ல முனகும்.

அண்ணன் மகள் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குகையிலிருந்து வெளியே வந்த கையோடு திரையை ஓநாயின் பக்கம் திருப்பினாள்.

“அத்தை, இது ஏன் வாலைத் தொங்கப் போட்டிருக்கு?”

“அடிபட்டிருக்கு கண்ணு. பையில கறி ஏதாவது இருக்கா பாரு.”

“ஜோம்பி கறிதான் இருக்கு. அழுகினது.”

“அதையே குடு. நாமதான் சாப்பிடக் கூடாது. அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

ஒரு துண்டு கொடுத்தாள். வால் சற்றே மேலே ஏறியது. இன்னொன்று கொடுத்தாள், இன்னும் கொஞ்சம் ஏறியது. பை காலியாகும்வரை கொடுத்துவிட்டு, சுற்றி வந்து வாலைப் பக்கவாட்டில் பார்த்தாள். அன்றைக்கு அதற்குப் பிறகு ஒவ்வொரு சண்டை முடிந்ததும் அவள் முதலில் பார்த்தது அந்த வாலைத்தான். தன் இதய வரிசை அதற்கு அப்புறம்தான்.

உணவும் அப்படித்தான். எது எதற்கு ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2017இல் மைன்கிராஃப்டுக்குக் கிளி வந்தது. சோதனைப் பதிப்புகளில் அதைப் பழக்க சாக்லேட் பிஸ்கட் கொடுக்க வேண்டியிருந்தது. சாக்லேட் உண்மையான கிளிகளுக்கு விஷம், சிறு பிள்ளைகள் இதைப் பார்த்து வீட்டுக் கிளிக்கும் ஊட்டிவிடக் கூடும் என்று பலர் எடுத்துச் சொன்னார்கள். தயாரிப்பாளர்கள் மாற்றினார்கள். இப்போது கிளியைப் பழக்க விதை கொடுக்க வேண்டும். பிஸ்கட் கொடுத்தால் கிளி செத்துவிடும். ஆசையாக எதையாவது ஊட்டுகிற கை கொல்லவும் கூடும் என்பதை அந்தச் சிறு மாற்றம் விளையாட்டுக்குள்ளேயே பதித்துவிட்டது. நமக்குப் பிடித்ததைக் கொடுப்பது வேறு, அதற்கு ஆவதைக் கொடுப்பது வேறு.

4

பழகிய ஓநாய் நம் பின்னாலேயே வரும். ஏறக்குறைய பன்னிரண்டு கட்டங்களுக்கு மேல் விலகிவிட்டால், தூரத்தை நடந்து கடக்காமல் சட்டென்று நம் அருகில் தோன்றும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் நிற்கும் இடம் எது? சுரங்கத்தில் குறுகலான ஒரு விளிம்பு, கீழே லாவா. நம் கால் எங்கே என்று நமக்குத் தெரியும். நம் அருகில் தோன்றியதற்குத் தெரியாது. அடுத்து வருகிற ஓர் அடி அதைத் தள்ளிவிடக் கூடும்.

உட்கார வைத்த ஓநாய் இப்படி வராது. நாம் எவ்வளவு தூரம் போனாலும் விட்ட இடத்தில் இருக்கும். பல நாள் கழித்துத் திரும்பினாலும் அங்கேயே இருக்கும்.

புதியவர்கள் உட்கார வைக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. கஷ்டப்பட்டுப் பழக்கியதை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வருவதில்லை. துணைக்குத்தானே பழக்கினோம் என்று தோன்றுகிறது. எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு போவதுதான் பாசம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பழகிய விலங்குகள் அதிகம் சாவது எதிரியின் கையால் இல்லை. அவற்றைக் கூட்டிப் போகக் கூடாத இடத்துக்குக் கூட்டிப் போனதால்தான். நெதர் என்ற அந்தப் பாதாளத்தில் லாவா கடலாகக் கிடக்கிறது. அங்கே ஓநாய்க்கு ஒரு வேலையும் இல்லை.

வீட்டில் இருப்பது வீணாக இருப்பதும் ஆகாது. பூனையைப் பாருங்கள். வெடித்துச் சாகும் கிரீப்பர்கள் பூனை இருக்கும் பக்கம் வருவதில்லை. வாசலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தால் போதும். அது எழுந்து எதையும் செய்ய வேண்டியதில்லை.

5

நாம் யாரை அடிக்கிறோமோ அவர்கள்மீது நம் ஓநாய் பாயும். நம்மை யார் அடிக்கிறார்களோ அவர்கள்மீதும் பாயும். அதற்குச் சொந்தமாக ஒரு பகை கிடையாது, எலும்புக்கூடுகளைத் தவிர. அதன் சண்டைகள் எல்லாம் நம்முடையவை.

ஆகவே கையை அடக்குவது ஒரு பராமரிப்பு. வழியில் நிற்கும் எதையோ சும்மா ஒரு தட்டு தட்டினோம் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது மறந்துபோகும். ஓநாய்க்கு அது கட்டளை. அது பாய்ந்துவிட்ட பிறகு நிறுத்துவது கடினம். கிரீப்பரை நோக்கி ஓநாய் போகாது, ஆனால் நாம் கிரீப்பரோடு மல்லுக்கட்டும்போது அருகில் நின்றால் வெடிப்பு அதையும் சேர்த்துத்தான் எடுக்கும்.

தனியாக இருக்கும்போது என் கோபம் என்னோடு முடிந்துவிடும். பின்னால் ஓர் உயிர் வரும்போது அப்படி இல்லை. நான் தொடங்கும் ஒவ்வொன்றையும் அது முடிக்கப் பார்க்கும். இதை மனதில் வைத்து நடக்கத் தொடங்கியவர்கள் தேவையில்லாத சண்டைகளை விட்டுவிடுகிறார்கள். இருட்டில் சுற்றிப் போகிறார்கள். அது கோழைத்தனம் இல்லை.

6

ஆர்க் என்ற விளையாட்டில் பழக்குவதே ஒரு காவல். ஸ்டூடியோ வைல்ட்கார்டு இதை 2015 ஜூனில் முன்னோட்ட வடிவிலும் 2017 ஆகஸ்டில் முழுமையாகவும் வெளியிட்டது. டைனோசர்கள் திரியும் தீவு. பெரும்பாலான விலங்குகளை முதலில் மயங்கி விழச் செய்ய வேண்டும். பிறகு அதன் இருப்புப் பைக்குள் இரையை வைத்து, மயக்கம் தெளிந்துவிடாமல் நார்கோபெர்ரி ஊட்டி, அது கொஞ்சம் கொஞ்சமாக நம் வசப்படும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய விலங்கு என்றால் அந்தக் காத்திருப்பு நீளும்.

அந்த நேரம் முழுக்க அது திறந்த வெளியில் அசைவற்றுக் கிடக்கிறது. வேறு ஏதாவது வந்து கடித்தால் பழக்கத்தின் தரம் குறையும். எழும்போது அதற்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் பலம் போய்விடும். ஆகவே அது நம்முடையது ஆவதற்கு முன்பே அதற்குக் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. சுற்றி மரச்சுவர் எழுப்புகிறவர்கள் உண்டு. ஒன்றும் செய்யாமல் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

பழகிய பின் விசில்கள். பின்னால் வா, அங்கேயே நில். இவை போக, எதற்கும் திருப்பி அடிக்காதே, அடித்தால் மட்டும் அடி, கண்டதும் பாய் என்று குண நிலைகள். புதியவர் பாதுகாப்பு என்று நினைத்துத் தன் விலங்கைத் திருப்பி அடிக்காத நிலையில் வைத்துவிட்டுத் தூரம் போவார். அது தன்னைக் கடிப்பதைத் தடுக்காமல் நின்றுகொண்டிருக்கும். வீட்டுச் சுவருக்குள் சாந்தம் சரி. திறந்த வெளியில் தனியே விட்டுப் போகும்போது, அடித்தால் அடி என்ற நடுநிலைதான் சரி.

பலர் சேர்ந்து விளையாடும் சர்வர்களில் நாம் கணினியை அணைத்த பிறகும் தீவு ஓடிக்கொண்டிருக்கும். நம் உடல் அங்கே தூங்கிக் கிடக்கும். நம் விலங்குகளுக்குப் பசிக்கும். தீவனத் தொட்டியை நிரப்பாமல் போகக் கூடாது. நாம் இல்லாத நேரத்துக்கும் சேர்த்துத்தான் பொறுப்பு.

7

ஆர்க்கில் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் பழக்குவது டோடோ. கொழுத்த, மெதுவான, யாரையும் வம்புக்கு இழுக்காத பறவை. சில குத்துகளிலேயே சாய்ந்துவிடும் என்பதால் கற்றுக்கொள்பவர்களுக்கு அது வசதி. அதே காரணத்தால் முதலில் சாவதும் அதுதான்.

டோடோ ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது, மொரீஷியஸ் தீவில். 1598இல் டச்சுக் கப்பல்கள் அங்கே கரையிறங்கின. அதை உயிரோடு கண்டதாகப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கடைசிப் பதிவு 1662ஐச் சேர்ந்தது. வேட்டையாடித் தின்றது ஒரு காரணம். காட்டை வெட்டியது இன்னொன்று. கப்பலில் மனிதரோடு வந்த பன்றியும் எலியும் குரங்கும் தரையில் கிடந்த முட்டைகளைத் தின்றது மிகப் பெரிய காரணம். அந்தப் பறவைமீது யாருக்கும் பகை இருந்ததாகத் தெரியவில்லை. வந்தவர்கள் தங்களோடு எதைக் கொண்டுவருகிறோம் என்று பார்க்கவில்லை, அவ்வளவே.

விளையாட்டில் டோடோவைப் பழக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். பயமுறுத்த வேண்டாம். அவர்கள் கையில் இப்போது இருப்பது ஒருமுறை காப்பாற்றத் தவறிய ஒன்றின் உருவம் என்று தெரிந்தால் போதும்.

8

வால்ஹெய்மில் காட்டுப்பன்றியைப் பழக்குவது வேறு மாதிரி. ஸ்வீடனின் அயர்ன் கேட் நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு இது. பன்றியை வேலிக்குள் வரவழைத்து, பெர்ரியோ காளானோ கேரட்டோ போட்டுவிட்டு விலகிவிட வேண்டும். பக்கத்தில் நின்றால் அது மிரளும், மிரண்டிருக்கும்வரை பழகாது. நெருப்பு கண்டாலும் மிரளும். அதற்காக வெகுதூரம் போய்விட்டாலும் பயனில்லை. நாம் விலகிப் போன பகுதியில் விளையாட்டு உறைந்துவிடுகிறது, பழகுவதும் நின்றுவிடுகிறது.

ஆகவே கண்ணுக்குப் படாத தூரத்தில், ஆனால் சுற்றுவட்டாரத்திலேயே, வேறு வேலை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். விறகு வெட்டலாம். கூரை வேயலாம். அவ்வப்போது வந்து இரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம். தேவைப்படுவது நம் கை இல்லை, நம் இருப்பு. எத்தனையோ காரியங்களில் நான் தேடி அலைந்த தூரம் அது. மனிதர்களோடும்கூட.

9

2024 ஏப்ரலில் மைன்கிராஃப்ட் ஓநாய்களுக்குக் கவசம் வந்தது. அதே சமயம் பழகிய ஓநாயின் உயிர்ப்பலமும் இருபதிலிருந்து நாற்பதாக உயர்ந்தது. இத்தனை ஆண்டுகளாக ஓநாய்களை இழந்துகொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கவசம் செய்ய அர்மடில்லோவின் ஓட்டுத் துண்டுகள் ஆறு வேண்டும். அர்மடில்லோ சவன்னாப் புல்வெளிகளில் இருக்கும் சிறு பிராணி. அதைக் கொன்றால் ஓடு கிடைக்காது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக உதிர்க்கும்வரை காத்திருக்கலாம், அல்லது தூரிகையால் மெல்லத் தேய்த்து எடுக்கலாம். அதன் அருகில் ஓடினால் அது சுருண்டு பந்தாகிவிடும். நடந்துதான் போக வேண்டும்.

ஓர் உயிரைக் காக்கும் கவசம் இன்னோர் உயிரை மிரட்டாமல் கிடைத்தால்தான் உண்டு என்று வைத்த கை யாருடையதோ தெரியாது. அதற்கு என் வணக்கம். கவசமும் நிலையானதில்லை. அடிகள் விழ விழ அதில் விரிசல் கூடிக்கொண்டே போகும். அதை ஓட்டுத் துண்டால் சரிசெய்ய வேண்டும். வாலைப் பார்த்த கண்ணுக்கு இப்போது விரிசலையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

10

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது வரிசையைப் பற்றி மட்டும்தான். முதலில் ஓர் இடம் வேண்டும்: கூரை, வேலி, மூலைவரை வெளிச்சம். அரக்கர்கள் விளக்கு எட்டாத இடத்தில்தான் முளைக்கிறார்கள். அடுத்து, கையில் இரை. அதற்கு அடுத்துத்தான் எலும்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உயிர் கைக்கு வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று இருட்டில் ஓடுகிறார்கள்.

கேட்பார்கள்: இதெல்லாம் கணினிக்குள் இருப்பவைதானே, அந்த ஓநாய்க்கு வலிக்குமா? வலிக்காது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் வாலைப் பார்த்த கவனம் என்னுடையது, அது உண்மை. வீசாமல் நிறுத்திய வாளும், நடந்து போன நிதானமும் உண்மை. இவை எந்தத் திரையில் பழகியதாக இருந்தாலும் பழகிய மனிதரோடு எழுந்து வெளியே வருபவை.

11

கடைசியாக அந்த ஏற்றத்தாழ்வுக்கே வருகிறேன். நமக்குப் பல பிறவி, அதற்கு ஒன்று. இதை அநியாயம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதில் ஒரு வேலைப் பங்கீடும் இருக்கிறது. மாடு ஓட்டிப் போகிறவர் ஓடைக்கு வந்ததும், மாட்டை இறக்கும் முன் தான் இறங்கி ஆழம் பார்ப்பார். அதுபோலத்தான் இதுவும். தெரியாத குகைக்குள் முதலில் தனியாகப் போக வேண்டும். விழ வேண்டுமென்றால் நாம் விழலாம். கட்டிலில் விழித்துக்கொண்டு மறுபடி போகலாம். லாவா தெரியும் இடத்தில் கல்லை அடுக்கி மூடலாம், பாலத்தின் இருபுறமும் வேலி போடலாம், இருட்டான வளைவுகளில் தீப்பந்தம் நடலாம். பாதை உறுதியான பிறகு வீட்டுக்குத் திரும்பி அதை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வரலாம்.

இதற்கு நேரம் ஆகும். ஒரே பாதையை இரண்டு முறை நடக்க வேண்டியிருக்கும். திரும்பி வர முடிகிறவர் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது நடையைச் சுமையாக நினைக்காத நாளில் ஒருவர் இந்த விளையாட்டில் தொடக்கக்காரர் என்ற நிலையைக் கடந்துவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.